வாராவாரம் ஒரு அரை மணி நேரம்



தனியாளாக மைக் பிடித்துச் சிரிக்க வைக்கும் இளைஞர்கள் சென்னையில் பெருகிவிட்டார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை: இவர்களில் நாலு பேராவது டி.வி.யில் வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடரில் நடிக்க வேண்டும். நடக்காத காரியமில்லை. தி.நகர் வாணி மகால் போன்ற சபா மேடைகளில் கைதட்டு வாங்கிய தலைமுறை செய்து காட்டியதுதான்.

கிரேஸி மோகனையே எடுத்துக்கொள்ளுங்கள். கிண்டியில் பொறியியல் படித்தவர். சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976-ல் எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகத்தின் பெயரே அவருக்கு அடைமொழி ஆனது. 1979-ல் சொந்தக் குழு. மேடையில் 'மாது' என்ற பாத்திரத்தில் தம்பி பாலாஜி. சேகர் தூர்தர்ஷனில் 'வண்ணக்கோலங்கள்' தொடருக்குப் போனார். பின்னாளில் மோகன் குழுவும் 'விடாது சிரிப்பு' என்று சின்னத்திரைக்கு வந்தது.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. மேடையில் பாதி வேலையை ஜனங்களே செய்துவிடுவார்கள். சிரிப்பு எழும்பி, அடங்கத் தொடங்கும் நேரம் பார்த்து அடுத்த வசனத்தை விட வேண்டும். முந்தினால் யாருக்கும் கேட்காது, பிந்தினால் சூடு ஆறிவிடும். ஷூட்டிங்கில் அந்தச் சிரிப்பே கிடையாது. டேக் போகும்போது லைட்மேன் சிரித்தால்கூட ஷாட் போச்சு. வீட்டில் யாரோ சிரிப்பார்கள் என்று நம்பி, அவர்களுக்கு இடம் விட்டு நடிக்க வேண்டும். கடைசி வரிசைக்காக உயர்த்திய குரலை இறக்க வேண்டும். க்ளோஸப்பில் புருவம் போதும். தனியாளாகப் பழகியவருக்கு இன்னொன்றும் உண்டு: எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்க வேண்டும், நல்ல சிரிப்பை அவருக்கு விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று நினைக்கிறேன். குழுவாக நாடகம் போட்டவர்களுக்கு அது கூடவே வந்த பழக்கம்.

அமெரிக்காவின் ஜெர்ரி சைன்ஃபெல்ட் ஸ்டாண்ட்-அப் மேடையிலிருந்துதான் வந்தார். 1989 முதல் 1998 வரை ஓடிய தொடருக்கு அவர் பெயரேதான். ஆனால் உடன் நடித்த மூன்று பேருக்கும் சிரிப்பைத் தாராளமாகப் பங்கிட்டுக் கொடுத்தார். அந்தத் தொடரின் பெரும்பகுதியை ஸ்டுடியோவில் ஜனங்களை உட்காரவைத்தே எடுத்தார்கள். மேடைக்காரர் தன் சிரிப்பைத் தொலைக்க வேண்டியிருக்கவில்லை. நம் சபாக்களில் மேடையும் இருக்கிறது, ரசிகர்களும் இருக்கிறார்கள். கேமராவை அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன?

விஜய் டி.வி.யின் 'லொள்ளு சபா' சந்தானத்தையும், 'கலக்கப்போவது யாரு' சிவகார்த்திகேயனையும் நமக்குத் தந்தன. இருவரையும் சினிமா அழைத்துக்கொண்டது. அவர்கள் உயர்ந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் சின்னத்திரையிலேயே தங்கி, வாராவாரம் நம் கூடத்துக்கு வந்துபோக ஓர் இடம் வேண்டாமா? 1998-ல் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கி, ராஜ் டி.வி.யில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யை இன்றும் பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் அழவைக்கும் தொடர்களுக்கு நடுவே சேனல்கள் வாரத்துக்கு ஒரு அரை மணி நேரத்தை ஒதுக்கினால், இந்தப் பிள்ளைகள் நிச்சயம் பிடித்துக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து உட்கார்ந்து சிரித்த தொடர் எது? எந்தக் காட்சி? எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்