கடன் ஊர் பேரில், குழாய் யார் தெருவில்?



நம் ஜனங்களுக்குக் கடன் வாங்குவது ஒன்றும் புதிய விஷயமல்ல. காதுகுத்துக்குக் கடன், கல்யாணத்துக்குக் கடன், செத்தவனுக்குக் கருமாதி செய்யக் கடன், செத்து இருபது வருஷமானவனுக்குத் திவசம் கொடுக்கக் கடன், ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போட்டால், அதைக் கட்டவும் வட்டிக்குக் கடன். இவ்வளவுக்கும் கூச்சப்படாத நம்மவர்கள், நகரசபையார் குடிதண்ணீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் கடன் வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மட்டும், "ஐயோ, ஊரைக் கடனாளி ஆக்குகிறார்களே!" என்று கூப்பாடு போடுகிறார்கள்.

இதைப் பற்றி நாம் சொல்ல வந்தது இரண்டே விஷயம். முதலாவது, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஊர் கடன் வாங்குவது தப்பல்ல. வாங்காமல் நோயை வளர்ப்பதுதான் தப்பு. இரண்டாவது, ஊரார் எல்லோரும் சேர்ந்து அடைக்கிற கடனின் பலன் சில தெருக்களோடு நின்றுவிடுமானால், அதற்குக் கடன் என்று பேர் வைப்பது பித்தலாட்டம்; மற்றத் தெருக்காரர்களிடம் அடித்த கொள்ளை என்பதே அதற்குச் சரியான பேர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 20,000 வீடுள்ள ஒரு ஊர், சாக்கடை வேலைக்கு 10 கோடி ரூபாயை 8 வட்டிக்கு வாங்கி 20 வருஷத்தில் அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அசலும் வட்டியும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 2 லட்சம் ரூபாய் ஆகும். அதை 20,000 வீட்டுக்குப் பங்கிட்டால் வீடு ஒன்றுக்கு வருஷத்துக்கு 510 ரூபாய். மாதத்துக்கு 42 அல்லது 43 ரூபாய். குழாயைப் பராமரிக்கவும் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் இன்னும் கொஞ்சம் ஆகும் என்பது வாஸ்தவம். அப்படியிருந்தாலும், இன்று தண்ணீர்க் கேனுக்கும், லாரித் தண்ணீருக்கும், வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவதற்கும் நீங்கள் கொடுக்கிற பணத்தை எழுதிப் பாருங்கள். எது அதிகம் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

குழாய் நல்லமுறையில் போட்டால் ஒரு தலைமுறைக்கு மேல் உழைக்கும். நாளைக்குப் பிறக்கப் போகிற பிள்ளையும் அதில் தண்ணீர் குடிக்கப் போகிறது. அப்படிப்பட்ட காரியத்தின் செலவை இன்றைக்கு இருக்கிறவன் ஒருவன் தலையிலேயே கட்டாமல், அனுபவிக்கப் போகிற பல வருஷத்தார் மேலும் பரப்பி வைப்பதுதான் இந்தக் கடனின் தத்துவம். திவசக் கடனும் பிள்ளை தலையில்தான் விடிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதனால் ஒரு குவளைத் தண்ணீரும் கிடைப்பதில்லை.

லண்டன் பட்டணத்துச் சரித்திரத்தைக் கேளுங்கள். 1832-ல் அங்கே காலரா வந்தபோது சர்க்காரே ஒரு நாள் குறித்து, தேசம் முழுவதும் உபவாசமிருந்து கடவுளை வேண்டச் சொல்லிற்று. காலரா அதைக் கேட்டுத் திரும்பிப் போய்விடவில்லை; மறுபடியும் மறுபடியும் வந்தது. 1853-ல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ பாதிரிமார்கள், இன்னொரு உபவாச நாள் குறிக்கவேண்டும் என்று விண்ணப்பம் போட்டார்கள். அப்பொழுது உள்நாட்டு மந்திரியாயிருந்த பாமர்ஸ்டன் பிரபு, முதலில் உங்கள் ஊரில் ஏழைகள் குடியிருக்கும் இடங்களைச் சுத்தம் செய்யுங்கள் என்ற கருத்தில் பதில் எழுதி அனுப்பிவிட்டார். மறு வருஷமே ஜான் ஸ்னோ என்ற வைத்தியர், லண்டனில் ஒரு தெருவில் காலராவால் செத்தவர்கள் பெரும்பாலும் ஒரே தண்ணீர்ப் பம்பில் குடித்தவர்கள் என்பதைக் கணக்கெடுத்துக் காட்டி, அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். மாரியம்மாளோ காளியம்மாளோ அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை; மலம் கலந்த தண்ணீர்தான் குடியிருந்தது.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்துக்குள்ளேயே புகுந்தது. அதுவரை பணமில்லை பணமில்லை என்று பல வருஷம் தள்ளிப்போட்டவர்கள், தங்கள் மூக்கைத் தொட்டவுடன் சில வாரத்தில் சட்டம் செய்தார்கள். 30 லட்சம் பவுன் கடன் வாங்கலாம், அதற்குச் சர்க்கார் ஜாமீன், லண்டன் வீட்டுக்காரர்கள் மேல் ஒரு வரி போட்டு 40 வருஷத்தில் அடைக்க வேண்டியது என்று ஏற்பாடாயிற்று. பாசல்ஜெட் என்ற என்ஜினீயர் அந்தப் பணத்தில் பூமிக்கடியில் பெரிய சாக்கடைகள் கட்டினார்.

இனித்தான் நாம் கவனிக்கவேண்டிய இடம். 1866-ல் காலரா மறுபடியும் லண்டனுக்கு வந்தது. சாக்கடை முடிந்த பாகங்களில் அதன் கை ஓங்கவில்லை. தொழிலாளிகளும் ஏழைகளும் நெருங்கி வாழ்ந்த கிழக்கு லண்டனில் மட்டும் வேலை முடியாமல் கிடந்தது. கம்பெனி கொடுத்த குடிதண்ணீரும் கெட்டிருந்தது. அந்த வருஷம் செத்த 5,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதியார் அங்கேதான் செத்தார்கள். வேலை முடிந்த பிறகு அந்தப் பட்டணத்தில் காலரா வாரியடித்தது கிடையாது. இதில் கடவுள் சித்தம் எங்கே இருக்கிறது? குழாய் போன இடத்தில் பிழைத்தார்கள். போகாத இடத்தில் செத்தார்கள். கடைசித் தெரு எது என்று தீர்மானித்தவர்கள்தான் யார் சாவது என்பதையும் தீர்மானித்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். பெரியார் அவர்கள் ஈரோடு நகரசபைத் தலைவராயிருந்தபோது காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குள் கொண்டுவந்ததை நம் தோழர்கள் அறிவார்கள். பின்னாளில் இந்த வேலைகளுக்கென்றே சர்க்கார் ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. 1971-ல் குடிநீர் வடிகால் வாரியம் வந்தது. 1990-ல் டுபிட்கோ என்ற கடன் கொடுக்கும் நிறுவனம் வந்தது. உலக பாங்கிப் பணத்தோடு 1988-ல் தொடங்கிய நகராட்சி வளர்ச்சி நிதி, 1996-ல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியாக மாறிற்று. தனியாகப் போனால் யாரும் கடன் கொடுக்கமாட்டார்கள் என்ற நிலையிலிருந்த சிறு ஊர்கள் பத்துக்கு மேல் ஒன்றாய்ச் சேர்ந்து, 2002-03-ல் கூட்டுக் கடன் பத்திரம் போட்டுச் சுமார் 30 கோடி ரூபாய் திரட்டியதும் இந்த நாட்டில்தான் நடந்தது.

சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் என்று ஒரு நகராட்சி இருந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அங்கே 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடை போடத் தீர்மானித்தபோது, குடியிருப்போர் சங்கங்களை அழைத்துப் பேசி, வீட்டுக்கு ரூ. 5,000 முன்பணம் வாங்கினார்கள். மீதிக்கு மேலே சொன்ன நிதி ஸ்தாபனங்களிடம் கடன் வாங்கினார்கள். "ஜனங்கள் காசு கொடுக்கமாட்டார்கள்" என்ற பழைய பல்லவி அங்கே பொய்த்தது. ஏன்? கணக்கை எடுத்துச் சொன்னார்கள். ஜனங்கள் நம்பிக் கொடுத்தார்கள். கடவுள் பேரைச் சொல்லித்தான் நம் ஜனங்களிடம் காசு வாங்க முடியும் என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை.

ஆகவே கடன் வாங்கலாம், நன்றாய் வாங்கலாம். ஆனால் அதை அடைக்கிறவன் யார்? "வீட்டு வரி கட்டுகிறவன்தான் அடைக்கிறான், காலனிக்காரன் என்ன கொடுக்கிறான்?" என்று நம்மில் சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். அந்தக் கூட்டுக் கடனில் ஒரு ஏற்பாடு உண்டு. தவணை தவறினால், சர்க்கார் அந்த ஊருக்குக் கொடுக்கவேண்டிய பங்குத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்பது அது. அந்தப் பங்குத் தொகை எங்கிருந்து வருகிறது? சர்க்கார் வசூலிக்கும் வரியிலிருந்து வருகிறது. கூலிக்காரன் காலுக்குச் செருப்பு வாங்கினாலும், வீட்டுக்குத் தகரப் பெட்டி வாங்கினாலும் அதற்குள் வரி இருக்கிறது. வாடகை கொடுக்கிறவன் வீட்டுக்காரனுடைய வரியையும் சேர்த்தே கொடுக்கிறான். ஆகையால் ஊர்க் கடனுக்கு ஜாமீன் நிற்பதில் காலனிக்காரனும் நம்மோடு சமமாய் நிற்கிறான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மட்டும் அவன் தனியாய் நிற்கவேண்டுமாம்!

புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நடந்ததைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆதிதிராவிடத் தோழர்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. அதை விசாரிக்கப் போன ஜில்லா அதிகாரிகள், அந்த வட்டாரத்தில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும், கோயிலுக்குள் அவர்களை விடாமலிருந்ததையும் கண்டார்கள். தொட்டியில் கலந்தவன் யார் என்பது கோர்ட்டாருக்கு உரிய விஷயம். அதில் நாம் புகவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு சிற்றூருக்கு ஒரே பெரிய தொட்டி கட்டி எல்லாத் தெருவுக்கும் குழாய் விட முடியாதா? காலனிக்கென்று தனித் தொட்டி, ஊருக்கென்று தனித் தொட்டி என்று கட்டுவது எந்த என்ஜினீயரிங் சாஸ்திரத்தில் இருக்கிறது? அது மனுதர்மத்தில் இருக்கிறது. அந்த மனுதர்மத்தைச் சர்க்கார் பணத்தில் சிமெண்டால் கட்டி வைத்திருக்கிறோம்.

இதில் அக்கிரகாரத்தை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு யோக்கியதை இல்லை. இன்றைக்கு எத்தனையோ கிராமங்களில் அக்கிரகாரமே காலியாகிவிட்டது. ஆனாலும் இரட்டைக் குவளை காலியாகவில்லை. அதைக் கழுவி வைக்கிறவர்கள் யார்? சூத்திரன் என்று சொன்னால் கோபம் வருகிற நம்மவர்கள்தான். நம்மைத் தொடாதே என்று சொன்னவன் அயோக்கியன் என்றால், நம் தொட்டியைத் தொடாதே என்று நாம் சொல்லும்போது நமக்கு என்ன பேர்?

இனிச் சாக்கடையைப் பாருங்கள். அந்தக் குழிக்குள் விஷ வாயு நிற்கிறது. உள்ளே இறங்கினவன் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்கினவனும் விழுவான். மனிதனைக் கொண்டு மலம் அள்ளக்கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் இன்னும் கடுமையாக ஒரு சட்டம் வந்தது. சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கிற்று. தொகைதான் ஏறுகிறதேயொழிய ஆள் இறங்குவது நின்றபாடில்லை. இறங்குகிறவன் எந்த ஜாதி என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். இந்து மதத்தில் ஆயிரம் ஜாதி இருந்தும் அந்த வேலைக்கு மட்டும் மற்ற ஜாதியான் அகப்படமாட்டேன் என்கிறானே, அது எப்படி?

இதற்கு இயந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. கேரளத்து இளைஞர்கள் சிலர் குழிக்குள் தானே இறங்கி அடைப்பை எடுக்கும் ஒரு இயந்திரத்தைச் செய்து, 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு விட்டார்கள். பிறகு அது நம் கும்பகோணத்துக்கும் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மகாமகக் குளத்தில் முழுகினால் பாவமெல்லாம் போய்விடும் என்று லட்சக்கணக்கானவர்கள் கூடுகிற அதே கும்பகோணம்தான். அந்தக் குளத்துத் தண்ணீர் எத்தனை மகாமகம் கண்டும், சாக்கடைக் குழியில் இறங்குகிற ஒரு ஜாதியின் இழிவைக் கழுவவில்லை. ஒரு இரும்புக் கை அதைக் கழுவத் தொடங்கியிருக்கிறது. எது தீர்த்தம் என்று நீங்களே யோசியுங்கள்.

"இயந்திரத்துக்குப் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் குழாயும் பம்பும் சுத்திகரிப்பு நிலையமும் மதிப்பீட்டில் எழுதுகிறவர்கள், அதே காகிதத்தில் இயந்திரத்துக்கும் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது. எழுதாததற்குக் காரணம் பணமில்லாதது அல்ல. ஆள் மலிவாய்க் கிடைக்கிறான். செத்தால் கேட்பதற்கு நாதியில்லை என்ற தைரியம்தான்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது: உங்கள் ஊரில் கடன் திட்டம் வரும்போது எதிர்க்காதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் என்று ஏற்பாடு இருக்கிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கென்றே குறித்த நாள். அங்கே போய் எழுந்து நின்று கேளுங்கள். பட்டணத்தில் இருப்பவர்கள் வார்டு கூட்டத்தில் கேளுங்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை வருஷம்? குழாய் வரைபடத்தில் கடைசித் தெரு எது? காலனிக்குத் தனித் தொட்டியா, பொதுத் தொட்டியா? சாக்கடை அடைத்தால் இறங்கப் போவது மனிதனா, இயந்திரமா? இதற்கெல்லாம் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் கை தூக்குங்கள். எழுதாவிட்டால், எழுதுகிற வரையில் உட்காராதீர்கள்.

காலனித் தோழன் தனக்காகக் கேட்டால் வம்புக்காரன் என்பார்கள். அவனுக்கு முன்னால் ஊர்த் தெருக்காரனாகிய நீங்கள் எழுந்து கேட்கவேண்டும். சுயமரியாதைக்காரன் என்று சொல்லிக்கொள்ளுகிறவனுக்கு இதைவிட நல்ல பரீட்சை வேறில்லை.