கருவூலத்தின் இரண்டாவது சாவி

மதிப்பிற்குரிய கருவூலக் கணக்குத் துறை ஆணையர் அவர்களுக்கு,

நான் சிதம்பரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். பணிக்காலத்தில் பெரும்பகுதி பில் போட்டே கழிந்தது. கருவூலம் 'அப்ஜெக்ஷன்' எழுதித் திருப்பிய பில்லை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி படியிறங்கியவர்களில் நானும் ஒருவன். ஒப்பளிப்பு ஆணையின் நகல் இல்லை, கணக்குத் தலைப்பு தவறு, ஒதுக்கீடு போதவில்லை, கையெழுத்து மாதிரியோடு ஒத்துவரவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் எப்போதும் அவர்கள் கைவசம் இருக்கும். எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த எரிச்சலூட்டும் குணத்தை உங்கள் துறை இழந்துவிடக் கூடாது என்று கேட்கவே இந்த மடல்.

பழைய கருவூலங்களில் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி கருவூல அலுவலரிடம், மற்றது இன்னொரு பொறுப்பாளரிடம். முத்திரைத்தாள் கட்டு ஒன்றை வெளியே எடுப்பதானாலும் இருவரும் சேர்ந்து வந்தாக வேண்டும். பில்லுக்கும் இதே ஏற்பாடுதான். பணம் கேட்கும் அலுவலகம் வேறு, சரிபார்த்துப் பாஸ் செய்யும் கருவூலம் வேறு, பணம் கொடுக்கும் வங்கி வேறு. மாதம் முடிந்ததும் வவுச்சர்கள் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய்விடும். மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து சட்டத்தின் வழியன்றி ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 266ஆம் பிரிவு. அதை நாள்தோறும் நிறைவேற்றுவது கோட்டையில் இருப்பவர்கள் அல்லர்; சார்நிலைக் கருவூலத்தில் பில்லைப் புரட்டும் கணக்கர்தான்.

அந்தக் கணக்கர் குறுக்கே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை எங்கள் கடலூர் மாவட்டம் 2020இல் பார்த்தது. பி.எம். கிசான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. கொரோனா காலத்தில் பதிவு முறை தளர்த்தப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என வரிசையாக, விவசாயத்துக்கே தொடர்பில்லாதவர்கள் பட்டியலில் ஏறினார்கள். கொரோனா உதவித்தொகை என்று நம்பி ஆதாரையும் பாஸ்புக் நகலையும் கொடுத்த ஏழைகளும் அதில் இருந்தார்கள். அலுவலர்களின் கடவுச்சொல் ஒப்பந்தப் பணியாளர்கள் கைக்கும் தரகர்கள் கைக்கும் போயிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வேளாண் துறை முதன்மைச் செயலர் ககன்தீப் சிங் பேடி வெளியிட்ட விவரப்படி, தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். (சுனாமியின்போது இங்கே ஆட்சியராக இருந்தவர் அவர். நிவாரணப் பணத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று கடலூரில் செய்துகாட்டியவரே இந்தக் கணக்கையும் சொல்ல நேர்ந்தது.) பிறகு சி.பி.சி.ஐ.டி. வந்தது, கைதுகள் நடந்தன, ஒரு பகுதி பணம் வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டது.

அது ஒன்றிய அரசின் பணம், நேராகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போனது, எங்கள் கருவூலத்தைத் தொடவே இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அங்கே கணினி எந்தப் பிழையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆதார் சரி, கணக்கு எண் சரி, அலுவலரின் ஒப்புதலும் சரி. ஒப்புதல் தந்த விரல்தான் அலுவலருடையது அன்று. இன்று பில்கள் போகும் உங்கள் களஞ்சியம் மென்பொருளும் கடவுச்சொல்லை நம்பித்தான் ஓடுகிறது. பதிவு செய்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்று அதில் மூன்று படி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. மூன்று படிக்கும் மூன்று ஆள் இருக்கிறார்களா? ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் சின்ன அலுவலகங்களில் ஒரே இளநிலை உதவியாளர் மூன்று கடவுச்சொல்லையும் நோட்டில் எழுதிவைத்திருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. தேக்குக் கதவு போட்டு, சாவியை மாடத்தில் வைத்துவிட்டுப் போவது போலத்தான் இது. அலுவலர் மாறுதலாகிப் போன அன்றே அவர் கடவுச்சொல் செத்துப்போக வேண்டும். ஒப்புதல் தருபவரின் கைரேகையோ மின் கையொப்பமோ இல்லாமல் பில் நகரவே கூடாது. ஒரே கணினியிலிருந்து சில நிமிட இடைவெளியில் மூன்று படியும் தாண்டிவரும் பில்லைக் கருவூலம் தானாக நிறுத்தி, ஏன் என்று கேட்க வேண்டும். மின்னணு யுகத்தின் அப்ஜெக்ஷன் அது.

இரட்டைப் பூட்டு இருந்தும் கொள்ளை போன கதையும் உண்டு. அன்று பீகாரில் இருந்த சாய்பாசா கருவூலத்தில் கால்நடைத் துறையின் போலி பில்கள் ஆண்டுக்கணக்கில் பாஸ் ஆயின. அந்த ஒரு கருவூலத்தை வைத்து நடந்த முதல் வழக்கின் தொகை மட்டும் 37 கோடிக்கு மேல். 1996 ஜனவரியில் அங்கே துணை ஆணையராக இருந்த அமித் கரே சோதனைக்கு இறங்கிய பிறகுதான் குட்டு உடைந்தது. அதற்கு முன்பே ஒதுக்கீட்டைவிடப் பல மடங்கு பணம் எடுக்கப்பட்டது கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை, அல்லது பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

கருவூலத்தை விட்டு வெளியேறிய பணத்தின் கதை இன்னொரு வகை. கர்நாடகத்தின் வால்மீகி மேம்பாட்டுக் கழகத்தில் 94 கோடிக்கு மேல் முறைகேடாக இடம்பெயர்ந்தது 2024இல் வெளிவந்தது. வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டிருந்த பணம் அது. நம் மாநிலத்திலும் அரசுக் கணக்குக்கு வெளியே வங்கிகளில் திட்டப் பணம் கிடந்ததை 2021 திருத்த பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனே சொன்னார். பணம் கருவூலத்தைத் தாண்டியதும் உங்கள் ஏட்டில் அது 'செலவு'. உண்மையில் அதற்குப் பிறகுதான் செலவே தொடங்குகிறது. எங்கள் ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிதி நெருக்கடியில் மூழ்கிய அதை அரசு 2013இல் தனிச் சட்டம் இயற்றி ஏற்றது. அதுமுதல் மக்கள் பணம் மானியமாகப் போகிறது. கருவூலக் கணக்கில் ஒரு வரி. அந்த வரிக்குள் எவ்வளவு சம்பளம், எவ்வளவு ஓய்வூதிய நிலுவை, எவ்வளவு படிப்புக்கு என்று வெளியிலிருப்பவருக்குத் தெரிய வழியில்லை. பல்கலைக்கழகத்தின் மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மானியம் வாங்கும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்துவது இது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. மாவட்டக் கருவூலம் மாதந்தோறும் ஒரு பக்க அட்டவணை வெளியிடட்டும். எந்தத் துறைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, அந்த மாதம் எவ்வளவு எடுத்தார்கள், அதில் எவ்வளவு மானியமாகவோ வங்கிக் கணக்குக்கோ போனது, பயன்பாட்டுச் சான்றிதழ் வராமல் நிற்பது எவ்வளவு. தனிநபர் பெயர் எதுவும் வேண்டாம். மார்ச் கடைசி வாரத்துக்கு மட்டும் தனிப் பத்தி போட்டால் நல்லது. அந்த வாரத்தில் கருவூலங்களில் விளக்கு எத்தனை மணி வரை எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண்களைப் புதிதாகத் திரட்ட வேண்டியதில்லை, பெரும்பாலும் களஞ்சியத்தில் இருப்பவைதான். புதுச் சட்டம், புது மென்பொருள், புது ஒப்பந்தப்புள்ளி எதுவும் தேவையில்லை.

கடலூரில் தொடங்கலாம். தமிழில் அச்சிட்டு மாவட்டக் கருவூலத்தின் அறிவிப்புப் பலகையிலும் சிதம்பரம், விருத்தாசலம் சார்நிலைக் கருவூலங்களிலும் ஒட்டுங்கள். ஓய்வூதியர் நேர்காணலுக்கு வரும் கிழவர்களில் பாதிப் பேர் பழைய கணக்கர்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் கூட்டிப் பார்ப்பார்கள். இடறினால் உங்களுக்கே எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கன் ஒருவன்,
சிதம்பரம்.