சுருக்குப்பையும் அசரீரியும்

போன மாதத்துப் பௌர்ணமிக்கு நானும் என் மனைவியும் திருவண்ணாமலை போயிருந்தோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். "மார்க்கெட் வரை நடந்து கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால் முழங்கால் வலிக்கிறது என்பீர்களே, இது மட்டும் எப்படி?" என்று கேட்டாள் மனைவி. அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மலை சுற்ற முடியுமா? செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

அக்கினி லிங்கத்தருகே ஒரு பூக்காரி. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மல்லிகைப்பூ முழம் நாற்பது ரூபாய் என்றாள். நான் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"எல்லாரும் ஐந்நூறையே நீட்டினா சில்லறைக்கு நான் எங்கே போவேன்? போன்லே போட்டுடு சாமி!" என்றாள்.

கூடையின் விளிம்பில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய் ஏதோ கோலம். என் டெலிபோனை அதற்கு நேரே பிடித்தேன். அடுத்த நிமிஷம் கூடைக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டி, "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கணீரென்று சொல்லிற்று. புராணங்களில் அசரீரி என்று படித்திருக்கிறோம். அந்தக் காலத்தில் அது சக்கரவர்த்திகளுக்கு மட்டும்தான் பேசும். இப்போது ஒரு முழம் பூவுக்கும் பேசுகிறது!

நான் ரொம்பப் பெருமையுடன், "பணம் வந்துவிட்டதாம், அம்மா!" என்றேன்.

"பெட்டி சொல்லிச்சு, சாமி. என் கையிலே விழலையே!" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. அட்டை அவள் மகன் பெயரில் இருக்கிறது. பணம் போய்ச் சேருவது அவன் கணக்கில். விடியற்காலையில் மண்டிக்குப் போய்ப் பூ எடுக்க வேண்டும். அங்கே ரொக்கம் கேட்கிறார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கேட்டால், "எதற்கு இவ்வளவு?" என்கிறானாம். நேற்று விற்ற பணம் கணக்கில் இருக்கிறதா, பெட்ரோலாகப் போய்விட்டதா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இடுப்பிலே செருகியிருந்த சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினாள். "முன்னே எல்லாம் இதிலே இருக்கும். அவன் நல்ல பிள்ளைதான் சாமி, குத்தம் சொல்லலே. ஆனா எடுத்துக் கொடுக்கிற பணம் வேறே, கேட்டு வாங்கிற பணம் வேறே."

இந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் நேயர்களே, மிச்ச மலையையும் சுற்றினேன்.

இந்தக் கட்டக் கோலம் பிறந்த கதை வேடிக்கையானது. 1994-ல் ஜப்பானில் டென்ஸோ வேவ் என்ற கம்பெனியில் மஸாஹிரோ ஹாரா என்ற எஞ்சினீயரும் அவருடைய சகாக்களும் இதை உண்டாக்கினார்கள். எதற்கு? மோட்டார் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைத்துக்கொள்ள! அது மல்லிகைப்பூவுக்கும் கற்பூரத்துக்கும் விலை வாங்கித் தரும் என்று அவர்கள் சொப்பனத்திலும் நினைத்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் 2016 ஏப்ரல் 11-ம் தேதி யூ.பி.ஐ. என்ற ஏற்பாடு அறிமுகமாயிற்று. ஒரு பாங்கிலிருந்து இன்னொரு பாங்குக்கு நினைத்த மாத்திரத்தில் பணம் அனுப்பும் வழி அது. அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. பாங்கு வாசலில் நாம் நின்ற நிலை மறந்து போகுமா? விருப்பப்பட்டுக் கற்றவர்கள் பாதி, வேறு வழியின்றிக் கற்றவர்கள் பாதி. 2020 ஜனவரி முதல் இந்த வழியில் பணம் பெறும் வியாபாரியிடம் பாங்குகள் கமிஷன் பிடிக்கக் கூடாது என்றும் ஆயிற்று. 2023 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடெங்கும் ஆயிரம் கோடி தடவைக்கு மேல் இப்படிப் பணம் கை மாறியிருக்கிறது. 'கை' மாறியது என்பது பழக்க தோஷம், கையே படவில்லை!

சௌகரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் கடைக்காரரையும், அதை முறைத்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்ளும் நம்மையும் இப்போது அதிகம் காண்பதில்லை. கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு கவலை குறைவு. நடுநிசியில் மடியில் பணத்தைக் கட்டிக்கொண்டு பயந்து பயந்து வீடு திரும்ப வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. நடைபாதை வியாபாரிக்குத் தண்டல்காரர் கடன் கொடுக்கும் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்தாயிரம் என்று பெயர். கையில் கொடுப்பது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 8,500 ரூபாய்க்கு நூறே நாளில் 1,500 ரூபாய் வட்டி! பாங்குக்காரர் ஏன் இவர்களுக்குக் கடன் கொடுக்கவில்லை? வியாபாரம் நடக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை என்பார்கள். இப்போது அந்த அட்டையே சாட்சி. 2020 ஜூன் மாதம் தொடங்கிய 'பி.எம். ஸ்வநிதி' திட்டத்தில் நகரங்களின் தெரு வியாபாரிகளுக்கு ஜாமீன் கேட்காமல் முதலில் பத்தாயிரம், அதைக் கட்டி முடித்தால் இருபதாயிரம், பிறகு ஐம்பதாயிரம் என்று கடன் ஏற்பாடாயிற்று. 2025-ல் முதல் இரண்டு தவணைகளையும் 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டியில் ஒரு பகுதி திரும்பி வரும்.

ஆனால் யாருக்குச் சாட்சி? அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு! வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து பூக் கட்டுகிறவள் தாய். பாங்கின் புஸ்தகத்தில் வியாபாரி என்று நிற்பவன் மகன்.

குபேர லிங்கத்தருகே டீ குடிக்க நின்றோம். அங்கே அசரீரி ஊமையாகிவிட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே இரவில் ஒரே பாதையில் டெலிபோனும் கையுமாக நடந்தால் டவர் என்ன செய்யும்? அதுவும் மலை சுற்றிக் களைத்துவிட்டது போலிருக்கிறது. ஓர் இளைஞன் "பணம் போய்விட்டது" என்கிறான். டீக்கடைக்காரர் "எனக்கு வரவில்லை" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சண்டை மட்டும் நிஜமாகவே நடந்தது. குபேரன் சந்நிதியில் இருபது ரூபாய்க்குத் தகராறு!

வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய ரசீதின் படத்தைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்கள், கடைக்காரரின் அட்டை மீது தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் என்று பல ரகம். "உங்களுக்குப் பணம் வர வேண்டுமானால் ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று டெலிபோனில் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். ரகசிய எண் பணம் கொடுப்பதற்குத்தான். வாங்குவதற்கு ஒருபோதும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டிலே உட்காராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு பயமும் வியாபாரிகளைப் பிடித்து ஆட்டுகிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தின் வணிக வரித் துறை, யூ.பி.ஐ. வரவுகளைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. பெங்களூரில் பல கடைகளில் அட்டையைக் கழற்றிவிட்டு, 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி மாட்டினார்கள். சரக்கு விற்கிறவருக்கு வருஷத்தில் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை போனால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். பூக்கூடைக்கு அந்த பாக்கியம் எங்கே! ஆனாலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். மைத்துனர் அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், கல்யாண மொய் எல்லாவற்றையும் கடைக் கணக்கிலேயே வாங்கினால், கணக்கைப் பார்க்கிறவருக்கு எல்லாம் விற்பனையாகத்தான் தெரியும். கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

நான் இத்தனையும் யோசித்துக்கொண்டு வருவதற்குள் என் மனைவி காரியத்தையே முடித்துவிட்டாள். மலை சுற்றி முடித்ததும் என்னைப் பஸ் நிலையத்துக்குப் போக விடாமல் மறுபடி அந்தப் பூக்காரியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏம்மா, உங்க பேரிலே பாங்குக் கணக்கே கிடையாதா?"

"இருக்குது தாயி. மாசம் ஆயிரம் ரூபா போட்டாங்களே, அந்தக் கணக்கு."

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, பணத்தைப் பெண்களின் சொந்தக் கணக்கிலேயே போட்டார்கள் அல்லவா? அந்தக் கணக்கு.

"சர்க்கார் பணமே உங்க பேருக்கு வரும்போது, நீங்க சம்பாதிச்ச பணம் ஏன் இன்னொருத்தர் பேருக்குப் போகணும்? அந்தக் கணக்குக்கே ஓர் அட்டை எழுதி வாங்கிக்குங்க. பையனையே கூட்டிப் போகச் சொல்லுங்க. கோபமாகச் சொல்லாதீங்க. 'பாங்கிலே எனக்குக் கடன் கொடுப்பாங்களாம்டா' என்று சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

பணம் வாங்குவதற்குப் பெரிய டெலிபோனோ படிப்போ அவளுக்குத் தேவையில்லை. பெட்டி தமிழிலேயே சொல்லிவிடும். எடுப்பதற்கு ஏ.டி.எம். கார்டு இருக்கிறது, இல்லாவிட்டால் கட்டை விரலை வைத்து எடுக்கவும் வழி இருக்கிறது. வேண்டியதெல்லாம் பெயர் மாற்றம் ஒன்றுதான்.

இந்த மாதப் பௌர்ணமிக்கு நாங்கள் மறுபடி போனோம். முழங்கால் வலியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதே இடம், அதே கூடை. ஆனால் அட்டை புதிது. நாற்பது ரூபாய் போட்டதும் பெட்டி சொல்லிற்று. அவள் சிரித்துக்கொண்டே சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே நாலைந்து நோட்டு, வெற்றிலை பாக்கு. அவற்றுக்கு நடுவே நாலாக மடித்த பிளாஸ்டிக் உறையில் ஏ.டி.எம். கார்டு.

"மண்டிக்கு நானே எடுத்துக்கிட்டுப் போறேன், தாயி" என்றாள்.

நேயர்களே, உங்கள் தெருவிலும் ஒரு பூக்காரி, ஒரு கீரைக்காரி இருப்பாள். பணம் போட்டதும் ஓடிவிடாதீர்கள். பெட்டி பேசும்வரை ஒரு நிமிஷம் நில்லுங்கள். டவர் கிடைக்காத நாளுக்குப் பத்தும் இருபதுமாகக் கொஞ்சம் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில், "அட்டை யார் பேரில் இருக்கிறது, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.