எது இசை, எது இரைச்சல்?

1913இல் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, எந்திரங்களின் ஓசையும் இசையே என்று அறிக்கை எழுதினார். இன்று ஜப்பானின் மசாமி அகிடா, 'மெர்ஸ்பௌ' என்ற பெயரில் மின்கருவிகளை அலறவிடுகிறார். ஹங்கேரி டிரம்மர் பலாஜ் பாண்டி அவரோடு சேர்ந்து டிரம்ஸ் அடிக்கிறார. காதைப் பிளக்கும் இவ்வகை இசைக்குப் பெயரே 'நாய்ஸ்', அதாவது இரைச்சல். அவர்கள் அந்தப் பெயரை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். நம் மக்களின் பறைக்கு அந்தப் பெயரைச் சாதி சூட்டியது.

நாமக்கல் பக்கம் வளர்ந்த எனக்கு இது புத்தகத்தில் படித்த சேதி அல்ல. ஊருக்குள் சாவு விழுந்தால் காலனிக்கு ஆள் வரும். அருந்ததியர் பெரியவர் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். பாடை போய்ச் சேரும்வரை அந்த ஓசை வேண்டும். அடித்தவருக்கோ வாசலுக்கு வெளியேதான் இடம்.

தோல்தான் தீட்டா? மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தானே இருக்கிறது! அதைச் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் வேண்டும், தோலைப் பதப்படுத்திய கையைப் பற்றிய பேச்சு மட்டும் கூடாது!

இந்த அடுக்கை உடைத்த மேடை ஒன்று உண்டு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாகப் பாடியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவும் ராப்பும் மின்கிட்டாரும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. மாட்டுக்கறியும் இடஒதுக்கீடும் பாடுபொருளாயின.

பறை அடிமைச் சின்னம், தூக்கி எறியுங்கள் என்கிறார்கள் சில தோழர்கள். அது விடுதலைக் கருவி என்கிறார்கள் வேறு சிலர். நான் கேட்பது இரண்டு உரிமைகளை: விரும்பிய மேடையில் அடிக்கும் உரிமை, சாவுக்கு அடிக்க மறுக்கும் உரிமை. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது; மகிழ்ச்சி. ஆனால், மறுத்தால் வேலையும் வழியும் அடைபடும் என்ற அச்சம் இருக்கும்வரை விருது மட்டும் போதாது.

சேலத்திலும் நாமக்கல்லிலும் மின்னிசையோடு பறையைக் கலக்க விரும்பும் இளைஞர்களே, தாராளமாகக் கலக்குங்கள். பறையடிப்பவரின் பெயரைச் சுவரொட்டியில் போடுங்கள், கிட்டார்காரருக்குத் தரும் அதே சம்பளத்தைக் கொடுங்கள். நாளை அவர் சாவு மேளத்துக்கு வர மறுத்தால், அவர் பக்கம் நில்லுங்கள்.