சொத்துக்குக் கணக்கு உண்டு, வாழ்க்கைக்கு?

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் சுமார் 25 ஆண்டுகளாக இருந்தது. இன்று ஏறக்குறைய 60. இதய அறுவை சிகிச்சையும் நல்ல மருந்துகளும் எட்டிய இடங்களிலெல்லாம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் நடுவயதைத் தாண்டி வாழ்கிறார்கள். பெருமகிழ்ச்சிக்குரிய செய்தி இது. ஆனால் தாய் தந்தை மறைந்த பின்னும் பிள்ளைக்கு இருபது, முப்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் பேச்செல்லாம் சிறப்புப் பள்ளி, பேச்சுப் பயிற்சி, உதவித்தொகை என்று குழந்தைப் பருவத்தைச் சுற்றியே நிற்கிறது.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, 18 வயதானவருக்குப் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் நிலை அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் அதில் உண்டு. நியமனமான ஆறு மாதத்துக்குள் பாதுகாவலர் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும். பிறகு ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கும் தர வேண்டும். அந்த மனிதர் எங்கே தூங்குகிறார், பகலில் என்ன செய்கிறார், வலித்தால் யார் கவனிக்கிறார்கள் என்பதற்கு இப்படியொரு ஆண்டுக் கணக்கு கிடையாது. புறக்கணிக்கப்பட்டால் பாதுகாவலரை நீக்கக் கோரலாம்தான். அதற்குப் பெற்றோரோ உறவினரோ ஓர் அமைப்போ மனு கொடுக்க வேண்டும். பெற்றோர் போன பிறகு அந்த மனுவை எழுதுவது யார்?

எதிர்காலத் திட்டம் என்றதும் குடும்பங்கள் உயிலையும் வைப்புத் தொகையையும் நினைக்கின்றன. அவை வேண்டும். ஆனால் பெற்றோரோடு மறைந்துபோவது பணமல்ல, அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு, வலிப்பு வருமுன் முகம் எப்படி மாறும், எந்தச் சத்தம் பசிக்கு, எது வலிக்கு என்பதெல்லாம் எழுதிவைக்கப்படாத அறிவு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு 50 வயதையொட்டி மறதி நோய் தொடங்குகிறது. பழைய இயல்பை அறியாத புதியவர் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக்கூடும். அம்மா, வீடு, அன்றாடப் பழக்கம் மூன்றையும் ஒரே நாளில் இழப்பதைவிடப் பெரிய கொடுமை அவருக்கு இல்லை. பின்னால் வாழப்போகும் வீட்டில் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே சில நாள், பிறகு சில வாரம் தங்கிப் பழகுவதுதான் உண்மையான ஏற்பாடு.

‘கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களே’ என்பார்கள். பாசத்தில் குறையில்லாத அண்ணனும் தங்கையும் ஏராளம். ஆனால் வேறு ஊரில் வேலை, வாடகை வீடு, சொந்தப் பிள்ளைகள் என்றிருப்பவரிடம் கேட்காமலே பொறுப்பை வைப்பது இருவருக்கும் அநீதி. முன்கூட்டியே பேசினால் அவரால் எதை ஏற்க முடியும், எதற்கு உதவி வேண்டும் என்று தெளிவாகும். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை சம்பளத்துக்கு ஓர் உதவியாளரை வைக்கப் போதாது. ஆகவே குடும்பத்தை நம்பினாலும் அரசின் பங்கு குறைவதில்லை. குறைபாடு உள்ளவரிடமும் கேட்க வேண்டும். ‘அவருக்கு என்ன தெரியும், அவரிடம் கேட்டு என்ன ஆகும்’ என்ற வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். பேச்சு வராதவரும் ஒரு வீட்டில் சாப்பிடுவார், இன்னொன்றில் தட்டைத் தள்ளிவிடுவார், அதுவும் விருப்பம்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையும் அவருடைய விருப்பப்படி, அவரோடு சேர்ந்து முடிவெடுக்கவே சொல்கிறது.

செலவு அதிகமாகுமே என்ற கவலைக்கும் விடை உண்டு. முதல் படிக்குப் புதிய அலுவலகம் தேவையில்லை. பாதுகாவலர் சான்றிதழ் கேட்டு வரும் குடும்பத்திடம் அதே குழு வாழ்க்கைத் திட்டம் ஒன்றையும் எழுதி வாங்கலாம்: அடுத்த பாதுகாவலர் யார், எங்கே வாழ்வது, பழகும் நாள்கள் எப்போது, மருத்துவ விவரங்கள் யாரிடம் என்று. எழுதத் தெரியாத பெற்றோருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டும். சொத்துக் கணக்கு வரும் ஒவ்வோர் ஆண்டும் இதையும் பார்த்துத் திருத்தலாம். போக இடமில்லாதவர் எந்த வட்டத்தில் எத்தனை பேர் என்பது அப்போது அரசுக்குத் தெரியவரும். ஊருக்கு வெளியே பெரிய விடுதி கட்டாமல், அவர்கள் வளர்ந்த தெருவுக்கு அருகிலேயே நான்கைந்து பேர் வாழும் சிறு வீடுகளுக்கு நிதி ஒதுக்க அந்தக் கணக்கே போதும்.