கண்ணாடி மாளிகையும் பத்து ரூபா டீயும்

கல்கத்தா ஏர்போர்ட்டுல 2013-ல புது டெர்மினல் திறந்தாங்க. செலவு 2,300 கோடிக்கு மேல. கண்ணாடியும் வெளிச்சமுமா அழகுதான், இல்லைங்கலை. கூட்டம் பெருகிடுச்சு, இடமும் வேணும்.

ஆனா மக்களே, லேக் மார்க்கெட் பக்கத்து நம்ம குடும்பங்க வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு சென்னைக்குக் கிளம்பறப்போ என்ன தேடறோம்? உட்கார நாற்காலி, சுத்தமான கழிப்பறை, கையைக் கடிக்காத விலையில ஒரு டீ. அவ்ளோதான்.

அந்த டீ 10 ரூபாய்க்கு வர 2024 டிசம்பர் ஆச்சு! 'உடான் யாத்ரி கஃபே'ன்னு பேரு. சமோசா 20 ரூபா. 2025-ல நம்ம சென்னைக்கும் வந்துடுச்சு. இதுக்கு எத்தனை கோடி ஆகியிருக்கும், சொல்லுங்க?

அடுத்து பளிங்கு பதிக்கறதுக்கு முன்னாடி, வீல்சேருக்குக் காத்திருக்கிற பாட்டியை ஒரு வார்த்தை கேளுங்க சாமிகளா!