சட்டித் தோட்டம்: விதைக்கு மழைக் கணக்கு

புதிதாகச் சட்டியில் காய்கறி போடுகிறவர்களுக்கு வரும் நட்டம் பெரும்பாலும் மாதம் தவறுவதால் வருவதுதான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்காக ஜூன் மாதத்தில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் ஈச்சிலம்பற்று, மூதூர், தோப்பூர் பக்கம் ஜூன் என்றால் கச்சான் காற்றும் வெயிலுமாக இருக்கும். பிஞ்சு நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியே கை ஓய்ந்துவிடும்.

நமக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்கிறது. நவம்பர், டிசம்பர் அடைமழையில் சிறு நாற்று அழுகும். வளர்ந்த செடி தாங்கும். எனவே மழை தொடங்குமுன் நாற்று தயாராக இருக்க வேண்டும். பிறை மாதத்தை வைத்து விதைக்காதீர்கள். சந்திர வருடம் ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால், சில வருடங்களில் காலம் வெகுவாக மாறிவிடும்.

மிளகாய், அதாவது நம் கொச்சிக்காய், நாற்றாக 4 முதல் 5 வாரம் இருக்கும். கத்தரி 4 வாரம். இரண்டையும் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவுக்குள் விதைத்தால், ஒக்டோபர் முதல் மழையோடு பெரிய சட்டிக்கு மாற்றலாம். வெண்டி, பயற்றங்காய் இரண்டும் வேர் அசைவதை விரும்பா. செப்டெம்பர் கடைசியில் நேரே சட்டியில் ஊன்றுங்கள். ஏறக்குறைய 50 நாளில் காய் பறிக்கலாம். தக்காளிக்கு அவசரம் வேண்டாம். டிசம்பர் நடுவில் தாழ்வாரத்தில் விதைத்து, மழை குறைந்ததும் ஜனவரியில் நடுங்கள். கீரையை அடைமழை நாட்கள் தவிர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி தூவி வந்தால் வீட்டில் குறையாது.

எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டி நாற்றுக்கு நல்லது. அடியில் துளையிட்டு, மேல்மண்ணும் மக்கிய எருவும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் நாற்றழுகல் குறையும். விதையை அரை அங்குலத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். முளைக்கும்வரை வைக்கோல் மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். பிந்தினால் தண்டு மெலிந்து சாயும்.

பழைய விதையா? பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பத்து நாளில் ஏழாவது முளைத்தால் நம்பி விதைக்கலாம். விவசாயத் திணைக்கள விற்பனை நிலையத்தில் வாங்குவோர் எம்.ஐ. 2 கொச்சிக்காயைக் கேட்கலாம், எம்.ஐ. என்பது மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும்.

கொச்சிக்காய்க்குப் பன்னிரண்டு அங்குலச் சட்டியோ அரிசிச் சாக்கோ போதும். மழைக்காலத்தில் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளை அடைபட்டால் வேர் அழுகும்.

செப்டெம்பர் தவறியவர்கள் மார்ச்சில் நாற்றுப் போட்டு ஏப்ரலில் நடலாம். ஆனால் கிணற்றில் தண்ணீர் நிற்கும் வீடுகளுக்கே அது சரி. மழைக்காலத்தில் பாதை வெள்ளத்தில் மூழ்கிச் சந்தைக்குப் போக முடியாத நாளில், கறிக்கு நாலு பச்சைக் கொச்சிக்காய் வாசலிலேயே பறிக்கலாம். அதற்கு இரண்டு சட்டி போதும். முதல் வருடம் அதோடு தொடங்குங்கள்.